கை காட்டாத திருப்பம்

1

சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலை. வலங்கைமான் தாண்டி இடதுபக்கம் ஒரு கிராமத்துச் சாலை பிரிகிறது. காரை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இண்டிகேட்டர் போடவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. போட வேண்டும் என்கிற நினைப்பே எழவில்லை. பின்னால் பஸ், லாரி, கார் எதுவும் வரவில்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்திருந்தேன். ஆக, சாலையில் 'யாருமில்லை'. ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தபோது கதவில் ஏதோ மோதுகிற சத்தம்.

சைக்கிள். கேரியரில் புல்லுக்கட்டு. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். சைக்கிள் ஒருபக்கம், புல்லுக்கட்டு ஒருபக்கம், அவர் ஒருபக்கம். முழங்கை சிராய்த்து ரத்தம். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டவர் முதலில் சொன்ன வார்த்தை: "மன்னிச்சுக்குங்க சார். நாந்தான் கவனிக்காம வந்துட்டேன்."

நான் சொன்ன வார்த்தை: "பாத்து வரக்கூடாதா பெரியவரே?"

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், "ஒண்ணுமில்ல சார்" என்றார். கொஞ்சம் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். புல்லுக்கட்டைத் தூக்கிவிட்டேன். முடிந்தது. ஆனால் இந்த இரண்டு வாக்கியங்கள் முடியவில்லை. தவறு செய்தவன் அதட்டுகிறான், அடிபட்டவர் மன்னிப்புக் கேட்கிறார். இருவருமே நடிக்கவில்லை. அவரவருக்கு இயல்பாக வந்த பேச்சு அது. இவ்வளவு இயல்பாக வரவேண்டும் என்றால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தாக வேண்டும். அதைத் தேடிப்போனதன் விளைவே இக்கட்டுரை.

2

இண்டிகேட்டர் போடாமல் திரும்புவது பற்றி நமது நடுத்தர வர்க்கத்திடம் ஆயத்தமான ஒரு சொல்லாடல் உண்டு. "நம்ம ஜனங்களுக்கு சிவிக் சென்ஸ் கிடையாது சார். வெளிநாட்டுல பாருங்க." பத்திரிகைகளின் ஆசிரியர் கடிதப் பகுதியில் தொடங்கி டீக்கடை வரை இதுதான். இதன்படி 'ஒழுங்கு' என்பது மேற்கில் இருக்கிறது. இங்கே இருப்பது ஒழுங்கின் இன்மை. காலனியம் நமக்குக் கற்பித்த பாடத்தை நாமே நமக்கு ஒப்பித்துக்கொள்ளும் காரியம் இது.

மேற்கைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்க வாகனப் பொறியியலாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. வெளியீடாக 2012இல் ஓர் ஆய்வு வந்தது. 12,000 வாகனங்களைக் கவனித்து எழுதியது. தடம் மாறும்போது நூற்றுக்கு 48 பேர் சைகை தருவதில்லை அல்லது தந்ததை அணைப்பதில்லை. திரும்பும்போது நூற்றுக்கு 25 பேர். ஒழுங்கின் தலைநகரிலேயே நிலைமை இதுதான். ஆகவே, சைகை தராமல் திரும்புவது இந்தியனின் பிறவிக்குணம் என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

ஆனால் இதை ஏற்றுக்கொண்டதுமே எனக்கே ஒரு சிக்கல். எங்கும் நடப்பதுதான் என்றால் இதில் நமது சமூகத்தைப் பற்றி என்ன பேச இருக்கிறது? நண்பர் ஒருவர் கேட்டார்: "ஒரு லைட்டு போடாததுக்கு இவ்வளவு தத்துவமாய்யா?" நியாயமான கேள்வி. நான் யோசித்துப் பார்த்தவரையில் பதில் இப்படி இருக்கிறது: சைகை தராமை பொதுவானது. அதற்குப் பின் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பது பொதுவானதல்ல. சைகை தராதவனின் மௌனம் எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'ஏன் இண்டிகேட்டர் போடுவதில்லை' என்பதைவிட, 'சாலையில் யார் யாருக்குத் தன் வரவைச் சொல்லக் கடமைப்பட்டவர்' என்பதுதான்.

3

முதலில் கருவியின் கதை. 1865இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. நீராவியால் ஓடும் வண்டி சாலையில் போனால் அதற்கு அறுபது கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடந்துபோக வேண்டும். 1896இல் இந்த ஏற்பாடு முற்றாக ஒழிந்தது. வண்டி வேகம் பிடித்தது. இன்று கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இந்தச் சட்டத்தின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆபத்தைக் கொண்டுவருகிறவன் எவனோ அவன்தான் அறிவிக்க வேண்டும். நடந்து போகிறவன் எதையும் அறிவிக்கத் தேவையில்லை, சாலை அவனுடையது.

கொடி போன பிறகு ஓட்டுநரின் கை வந்தது. கைக்குப் பதில் எந்திரம் செய்து பார்த்தவர்களில் ஒருவர் ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் என்னும் மௌனப்பட நடிகை. பொத்தானை அழுத்தினால் காரின் பின்புறம் கொடிபோல ஒன்று எழுந்து திரும்பும் திசையைக் காட்டும். 1914இல் இதை அமைத்தார், காப்புரிமை வாங்கவில்லை, பலன் அவருக்குக் கிட்டவுமில்லை. பிறகு ஐரோப்பிய கார்களில் கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் சின்னக் கை வந்தது. மோரிஸ் மைனர் கார்களைப் பார்த்த தலைமுறை இதை அறியும். ரயில் கைகாட்டியின் குட்டி அது. 'கைகாட்டி' என்ற நமது சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ரயிலின் சிக்னலும் கைகாட்டி, ஊருக்கு வழி சொல்லும் பலகையும் கைகாட்டி, புதுக்கோட்டைப் பக்கம் பஸ் நிறுத்தத்தின் பெயரே கைகாட்டி. அறிவித்தல் என்றாலே நமக்குக் கைதான்.

1939ஆம் ஆண்டு மாடல் பியூக் காரில் மினுக்கும் விளக்கு வந்தது. அதே 1939இல் இங்கே பிரிட்டிஷ் அரசு மோட்டார் வாகனச் சட்டத்தை இயற்றியது. ஓட்டுநர் தர வேண்டிய சைகைகளுக்கென்றே அதில் ஓர் அட்டவணை உண்டு. சுதந்திரத்துக்குப் பின் 1988இல் புதிய சட்டம் வந்து, 1989இல் சாலை விதிமுறைகள் எழுதப்பட்டபோதும் அந்தக் கைகள் அப்படியே தொடர்ந்தன. வலதுபக்கம் திரும்ப, வலது கையைக் கிடைமட்டமாக நீட்டி உள்ளங்கையை முன்னால் காட்ட வேண்டும். நிறுத்த, முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கையைக் கவிழ்த்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். இடதுபக்கம் திரும்ப, அதே வலது கையைக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிராகச் சுழற்ற வேண்டும். விளக்கு இதற்கு மாற்றாக அனுமதிக்கப்பட்டது. 1989இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102ஆம் விதி அந்த விளக்கின் நிறத்தையும் துடிப்பையும் நிர்ணயித்தது: ஆம்பர் நிறம், நிமிஷத்துக்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மிகாமலும் மினுக்க வேண்டும். (சாலை விதிமுறைகளின் இடத்தில் 2017இல் புதிய ஓட்டுதல் விதிமுறைகள் வந்துவிட்டன.)

இந்த அட்டவணையை ஒரு பிரதியாக வாசித்தால் இரண்டு விஷயங்கள் தட்டுப்படும்.

ஒன்று, அந்தக் கை யாருடையது என்பது. 1939இல் இந்தியாவில் கார் வைத்திருந்தவர்கள் ஜமீன்தார், வக்கீல், கலெக்டர் போன்றவர்கள். வண்டியைப் பெரும்பாலும் ஓட்டியவர் சம்பளத்துக்கு வந்த டிரைவர். வெயிலில், மழையில் வெளியே நீண்டது அந்தச் சேவகனின் கை. முதலாளி பின்னால் உட்கார்ந்திருந்தார். சைகை காட்டுவது என்பது நம்மிடம் தொடக்கத்திலேயே 'டிரைவர் வேலை' ஆகிவிட்டது. லாரியில் அது இன்னும் கீழே இறங்கி கிளீனரின் வேலையானது. இடதுபக்கக் கதவில் தொங்கிக்கொண்டு, பலகையைத் தட்டி, "ரைட்... ரைட்... ஹோல்டான்!" என்று கத்துகிற அந்தப் பையன்தான் பல வருஷங்கள் நமது நெடுஞ்சாலைகளின் இடது இண்டிகேட்டர்.

இரண்டாவது, அந்தக் கை யாருக்குத் தெரியும் என்பது. டிரைவர் உட்கார்ந்திருப்பது வலதுபக்கம். எனவே எல்லாச் சைகையும் வலது கையால்தான். எதிரே வருபவனுக்கும் பின்னால் வலது ஓரத்தை ஒட்டி வருபவனுக்கும் அது தெரியும். காரின் இடதுபக்கம் போகிறவனுக்குத் தெரியாது. இடதுபக்கம் போகிறவர்கள் யார்? சைக்கிள்காரர், தலைச்சுமைக்காரி, ஆடு ஓட்டிப்போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை. அதாவது, இடதுபக்கம் திரும்பும் சைகையால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர்களின் கண்ணுக்கு அந்தச் சைகை எட்டாது. விளிம்பு நிலை என்று நாம் பேசிவருகிறோமே, அது உருவகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாலைக்கு நிஜமாகவே ஒரு விளிம்பு இருக்கிறது. "ஓரமா போ" என்று யாரைச் சொல்கிறோமோ அவர்கள் இருக்கும் இடம் அது.

விளக்கு வந்ததும் இந்தக் குறை தீர்ந்தது. இடது ஓரத்தில் போகிறவருக்கும் சொல்கிற வசதி வண்டிக்குள் வந்தது. கையை வெளியே நீட்ட வேண்டாம், நனைய வேண்டாம், ஒரு விரல் போதும். அந்த விரல்தான் வலங்கைமான் சாலையில் எனக்கு அசையவில்லை. கருவி இல்லை, அறிவு இல்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. 'யாருமில்லை' என்று நினைத்தேன். அதுதான் விஷயம்.

4

இங்கே மோட்டார் வண்டியை விட்டுவிட்டுச் சாலைக்கு வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மோட்டார் வருவதற்கு முன்பே நமது சாலைகளில் சைகைகள் இருந்தன. கடுமையான சட்டங்களோடு இருந்தன.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் இருந்த போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா எழுதியிருக்கிறார்: நாயர்கள் சாலையில் போகும்போது கீழ்ச்சாதியார் விலகும்படி கூவிக்கொண்டே போவார்கள், விலகாதவன் உயிர் அவர்கள் கையில். எதிர்ப்புறத்தில், புலையர் போன்றோர் தாம் வருவதைக் குரல் கொடுத்துத் தெரிவித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. குரல் கேட்டு மேல்சாதிக்காரன் 'எட்டப் போ' என்றால் வயலுக்குள், சேற்றுக்குள் இறங்கிவிட வேண்டும். இது ஏதோ மலையாள தேசத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதே ஒழுங்கு நிலவிய திருவிதாங்கூரின் தென்பகுதிதான் 1956இல் நம்மோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டம். ஊர்த்தெருவில் தலித்துகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழ்க் கிராமங்களில் பதிவாகியிருக்கிறது. மலபாரில் குரல் செய்ததை இங்கே இறங்கி நடக்கும் உடல் செய்தது. 'நான் வருகிறேன், நான் இன்னான்' என்ற அறிவிப்பு.

பிரிட்டனின் சிவப்புக் கொடிக்காரரையும் இந்தக் கூவலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வருகை அறிவிக்கப்படுகிறது. அங்கே ஆபத்தானவன் அறிவிக்கிறான். இங்கே ஆபத்துக்கு உள்ளாகிறவன் அறிவிக்கிறான்; ஆபத்தானவன் ஆணையிடுகிறான்.

அய்யன்காளி 1893இல் வெங்ஙானூரில் வில்வண்டி பூட்டி, தலைப்பாகை கட்டி, பொதுச்சாலையில் ஓட்டிப்போனதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். காளைகளின் கழுத்தில் மணி. சாலையில் நடக்க அனுமதி கேட்கிற மனுவை அவர் எழுதவில்லை. கீழிருந்து வர வேண்டிய அபயக்குரல் இருந்த இடத்தில் மணிச்சத்தத்தை வைத்தார். அடி விழுந்தது, திருப்பி அடித்தார்கள். 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டமும், பெரியார் அங்கே போய்ச் சிறைப்பட்டதும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்காகத்தான். நமது சமூக நீதி வரலாற்றின் ஒரு பெரிய பகுதி சாலை வரலாறு என்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்றே படுகிறது.

அம்பேத்கரின் சாலிஸ்கான் அனுபவம் இன்னும் நேரடியானது. 1929இல் பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினராகப் போய்த் திரும்பும் வழியில் அங்கே இறங்குகிறார். மகர்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக வேண்டும். தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டினால் தன் கௌரவம் என்னாவது என்று குதிரைவண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். வண்டியை வாடகைக்குத் தருவார்கள், ஓட்ட மாட்டார்கள். கடைசியில் வண்டி ஓட்டத் தெரியாத ஒரு மகர் ஓட்டுகிறார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கல்தரையில் தூக்கியெறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. பின்னால் இதை எழுதும்போது அவர் வண்டி ஓட்டியவரைக் குறை சொல்லவில்லை. பாரிஸ்டராக இருந்தாலும் ஒரு தீண்டத்தகாதவனைவிடத் தான் மேல் என்று ஒரு சாதாரண வண்டிக்காரனால் நினைக்க முடிகிறதே என்பதைத்தான் சுட்டுகிறார். சாலை விபத்தைச் சாதியின் வரலாற்றுக்குள் வைத்து எழுதிய முன்னோடிப் பிரதியாக இதை நான் வாசிக்கிறேன்.

5

இந்த இரண்டு வரலாறுகளும் இன்றைய சாலையில் எங்கே சந்திக்கின்றன?

வண்டியில் இருக்கிற இரண்டு அறிவிப்புக் கருவிகளை எடுத்துக்கொள்வோம். ஹாரன், இண்டிகேட்டர். ஹாரன் 'நீ விலகு' என்கிறது. இண்டிகேட்டர் 'நான் இதைச் செய்யப்போகிறேன்' என்கிறது. ஹாரனுக்கு எதிரில் இருப்பவன் தடை. இண்டிகேட்டருக்கு எதிரில் இருப்பவன் தகவல் பெற உரிமை உள்ளவன். நமது ஓட்டுநர்களுக்கு அறிவிக்கத் தெரியாது என்பது பொய். ஹாரனை நாம் எப்படி அடிக்கிறோம்! பழைய கூவல் ஒலிபெருக்கியோடு திரும்பி வந்திருக்கிறது. அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில் தெருவில் போலீஸ்காரன் 'ஏய்' என்று விளிக்க, திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே அதிகாரத்துக்கு உட்பட்டவன் ஆகிவிடுகிறான். நமது சாலையில் 'ஏய்' சொல்ல போலீஸ்காரன் தேவையில்லை. பெரிய வண்டி எதுவாக இருந்தாலும் போதும்.

இதற்கு நேர்மாறாக, சாலையைக் கடக்கிற ஒருவரைக் கவனியுங்கள். ஒரு கையில் பையோ பிள்ளையோ. மறு கை, உள்ளங்கை விரிந்து, வருகிற வண்டிகளை நோக்கி நீண்டிருக்கிறது. பாதி நிறுத்தச் சொல்வது, பாதி கெஞ்சுவது. எந்தச் சட்டத்தின் எந்த அட்டவணையிலும் அந்தக் கை இல்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சாலைகளில் தவறாமல் காட்டப்படும் சைகை அதுதான். அவரைப் பார்த்து லாரிக்காரர் தலையை நீட்டிக் கேட்கிறார்: "வூட்ல சொல்லிட்டு வந்தியா?" இது வெறும் வசவு இல்லை. சொல்லிவிட்டு வர வேண்டியது நீ என்கிறது. சைகை கீழிருந்து மேலே போகிறது. ஹாரன் மேலிருந்து கீழே வருகிறது.

லாரிக்காரரை மட்டும் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நெடுஞ்சாலையில் அவர்கள் தங்களுக்குள் ஒரு மொழியை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டரைப் போட்டால், 'எதிரே வண்டி இல்லை, என்னைத் தாண்டிப் போ' என்று பொருள். பழைய அட்டவணையில் கையை முன்னும் பின்னும் வீசிச் சொன்னதை விளக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். முகம் தெரியாத இரண்டு பேர் ஒருவர் கண்ணை மற்றவருக்குக் கடன் தருகிற ஏற்பாடு. ஆனால் அதே விளக்குக்குச் சட்டத்தில் 'நான் வலதுபக்கம் திரும்புகிறேன்' என்று பொருள். இரண்டு பொருளும் ஒரே விளக்கில் மோதுகிற இடத்தில், அந்த மொழி தெரிந்து தாண்டப்போகிறவனும் சாகலாம். சிவிக் சென்ஸ்காரர்கள் சொல்வதுபோல இங்கே இருப்பது வெற்றிடமில்லை. சமமானவர்கள் என்று ஒருவரையொருவர் எண்ணிக்கொள்கிறவர்களுக்குள் சைகை இருக்கிறது. பிரச்சினை, அந்த வட்டத்துக்குள் யார் இல்லை என்பதுதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் இருசக்கர மோட்டார் வாகனத்தில் போனவர்கள் நூற்றுக்கு 44.5. நடந்துபோனவர்கள் நூற்றுக்கு 19.5. அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். இவ்வளவும் இண்டிகேட்டர் போடாததால் நேர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. எண்களில் நான் பார்ப்பது சாகிறவர்களின் முகத்தை. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள், மேலே தகரக் கூடு இல்லாதவர்கள்.

6

மறுபடி அந்தப் பெரியவரிடம் வருகிறேன். அவர் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. நான் எந்தத் தெரு என்று அவருக்கும் தெரியாது. கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் இதைச் சாதி என்று சொல்லலாமா என்று பல நாள் தயங்கினேன். இப்போது எனக்குத் தோன்றுவது: தெரியத் தேவைப்படவில்லை. கார், சைக்கிள் என்ற இரண்டு சொற்களே போதுமானதாக இருந்தன. ஊர்த்தெருவில் உடல்கள் பழகிய படிநிலையை வண்டிகள் எடுத்துக்கொண்டன. காருக்குள் உட்கார்ந்ததும் அந்த இடம் எனக்கு ஆயத்தமாக இருந்தது. நான் பெரியாரையும் அம்பேத்கரையும் படித்தவன் என்பது அந்த இடத்துக்கு ஒரு பொருட்டாக இல்லை. கூட்டத்தில் பேசும்போது சமத்துவம் எனக்கு வாயில் இருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் இடது கண்ணாடியில்கூட அது தெரிவதில்லை.

அபராதம், கேமரா, விழிப்புணர்வு வாரம் எல்லாம் நடக்கட்டும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேமராவுக்குப் பயந்து போடுகிற இண்டிகேட்டர் கேமராவுக்குச் சொல்கிற சேதி. பெரியவருக்குச் சொல்வதல்ல. இடது ஓரத்தில் போகிறவரும் என் நோக்கத்தைத் தெரிந்துகொள்ள உரிமையுள்ளவர் என்று ஏற்றால்தான் அது அவருக்குச் சொல்வதாகும். அந்த ஏற்பு நமது சாலைகளுக்கு வைக்கம் வழியாகவும் வெங்ஙானூர் வழியாகவும் கொஞ்சம் வந்தது. மீதி வரவில்லை.

இப்போதெல்லாம் ஆளரவமே இல்லாத இடத்திலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். "யாருமே இல்லியே, யாருக்குப் போடுறீங்க?"

போன வாரம் அதே சாலையில், அதே திருப்பத்தில், போட்டுவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன். இடதுபக்கமாகச் சைக்கிளில் ஒரு பொம்பளைப்பிள்ளை வந்துகொண்டிருந்தாள், பள்ளிச் சீருடையில். விளக்கைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள். நான் போகட்டும் என்று காத்து நின்றாள். கையைக் காட்டி 'நீ போம்மா' என்றேன். நம்பவில்லை. இரண்டாம் முறை காட்டிய பிறகுதான் ஏறிப்போனாள்.